மாவு பொங்கணும், புளிச்சுப் போகக்கூடாது!



மதுரைக்காரனுக்கு இட்லியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் சுடச்சுட நாலு இட்லியும், மூணு வகைச் சட்னியும் கிடைக்கிற ஊர் இது. மல்லிகைப்பூவையும் இட்லியையும் சேர்த்தே பேசுகிறவர்கள் நாம். ஆனால் அந்த மாவு ஏன் பொங்குகிறது, ஏன் புளிக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வோம்? "ராத்திரி அரைச்சு வச்சா காலையில பொங்கிரும்" என்போம். போன வருஷம் மே மாதம் வரை நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த பாக்கெட்டுகள்

எங்கள் வீடு கே.கே. நகரில் இருக்கிறது. அம்மா வீட்டிலேயே மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். என் செமஸ்டர் பீஸ் அந்தக் கிரைண்டரில் இருந்துதான் வருகிறது.

போன மே மாதம் அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. மூன்று நாளில் 22 பாக்கெட் திரும்பி வந்தது. கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் என்ன செய்வார்? "என்னக்கா, காலையில கொடுத்த மாவு மத்தியானமே பலூன் மாதிரி உப்பிருச்சு. வாங்குனவங்க புளிக்குதுன்னு திருப்பிக் கொடுக்கிறாங்க. ஒரு வாரத்துக்கு மாவு வேணாம்" என்றார். இன்னொருவர் சோடா உப்பு கொஞ்சம் சேர்க்கச் சொன்னார். "சோடா உப்பு போட்டு விக்கிறதுக்கு விக்காமலே இருந்துக்கிறேன்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி அம்மா என்னிடம் கேட்டார். "ஏன்டா, எங்க வீட்டுலேயே நீதான் காலேஜுக்குப் போறவன். அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. தை மாசம் நல்லா இருந்த மாவு வைகாசியில ஏன் இப்படி ஆகுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததையும், செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

மாவுக்குள் யார் இருக்கிறார்கள்?

மாவு தானாகப் பொங்குவதில்லை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன. பால் புளிப்பது வெறும் ரசாயன மாற்றம் அல்ல, அது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857-இல் எழுதினார். 1876-இல் பீர் கெட்டுப்போவது பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். நம் இட்லிக்கும் ஓர் ஆராய்ச்சி உண்டு. 1965-இல் முகர்ஜி என்பவரும் அமெரிக்காவில் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட கட்டுரையில், இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு 'லூகோநாஸ்டாக் மெசன்டராய்ட்ஸ்' என்ற பாக்டீரியாவுக்கு என்று காட்டினார்கள். பேர்தான் வாயில் நுழையாது. ஆனால் தினமும் வயிற்றில் நுழைகிற ஆசாமி!

இவர் எங்கிருந்து வருகிறார்? பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறார். "அவங்க கைராசி, மாவு பொங்குது" என்று சொல்வார்கள். கையால் கலக்கும்போது உப்பும் மாவும் நன்றாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் பொங்க வைக்கும் சரக்கு உளுந்திலேயே இருக்கிறது.

உளுந்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அரைத்த உளுந்தில் ஒரு வழவழப்பு வருகிறதல்லவா? அந்தப் பசைப்பொருளும் உளுந்தின் புரதமும் சேர்ந்து, உண்டாகும் வாயுவைச் சின்னச் சின்னக் குமிழாகப் பிடித்து வைக்கின்றன. அரிசி மாவை மட்டும் வைத்தால் புளிக்கும். ஆனால் வாயு நிற்காமல் ஓடிவிடும். டயர் ஓட்டையாக இருந்தால் எவ்வளவு காற்று அடித்தாலும் நிற்காது, அதுபோலத்தான்.

இரண்டு கூட்டம்

பொங்குவதும் புளிப்பதும் ஒரே வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மாவில் இரண்டு கூட்டம் வேலை பார்க்கிறது.

முதல் கூட்டம் லூகோநாஸ்டாக் வகை. இது ஒரு மூலக்கூறு குளுக்கோஸை எடுத்து, ஒரு மூலக்கூறு லாக்டிக் அமிலம், ஒரு மூலக்கூறு ஆல்கஹால், ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு எனப் பிரிக்கிறது. (ஆமாம், இட்லி மாவிலும் ஆல்கஹால் உண்டு! மிகச் சொற்பம்தான். அதுவும் வேகும்போது பெரும்பாலும் ஆவியோடு போய்விடும். யாரும் பயப்பட வேண்டாம்.) இந்தக் கூட்டம் வாயுவும் தரும், மிதமான புளிப்பும் தரும்.

இரண்டாவது கூட்டத்தில் பீடியோகாக்கஸ் போன்றவை சேரும். இவை ஒரு மூலக்கூறு குளுக்கோஸை அப்படியே இரண்டு மூலக்கூறு லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். வாயு கிடையாது. புளிப்பு மட்டும்தான், அதுவும் இரண்டு மடங்கு!

முதல் கூட்டம் முன்னால் ஓடிப் பொங்க வைக்கிறது. அமிலம் ஏற ஏற அது களைத்துவிடும். அமிலத்தைத் தாங்கும் இரண்டாவது கூட்டம் பின்னால் வந்து புளிக்க வைக்கிறது. நல்ல இட்லி என்பது முதல் கூட்டம் வேலையை முடித்து, இரண்டாவது கூட்டம் ஆட்டம் போடுவதற்குள் அடுப்பில் ஏறுகிற இட்லி.

முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேபில் பி.எச். தாள் நனைத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கும். அரைத்த உடனே மாவின் பி.எச். 6-க்குப் பக்கத்தில் இருக்கும். பக்குவமான மாவில் சுமார் நாலரை. ஓர் எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகளின் அளவு பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். நாலரையிலிருந்து நாலுக்கு இறங்குவது தாளில் சின்ன நிற மாற்றம்தான். நாக்கில் பெரிய வித்தியாசம்.

சூடுதான் வில்லன்

லூகோநாஸ்டாக்குக்குப் பிடித்தது 20 முதல் 30 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போகப்போக மற்றக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். தை மாதம் மதுரையில் ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கும். கோடையில் பகல் 40 டிகிரியைத் தொடும். ஓட்டு வீட்டுக்குள் ராத்திரியும் அனல்தான். அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி கிரைண்டரில் இருந்தது. கல் சுற்றும்போது உராய்வினால் வெப்பம் வரும் என்று நாம் படித்ததுதானே! ஒரு டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் வாங்கி, அரைத்து முடித்த மாவில் வைத்தேன். 38 டிகிரி! வீட்டுக்குள் 34 டிகிரி. அதாவது மாவு பிறக்கும்போதே காய்ச்சலோடு பிறக்கிறது.

பிறகு நாலு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்தேன். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு மாவு ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பம்.

முதல் பாட்டில்: வழக்கமான தண்ணீரில் அரைத்தது. பன்னிரண்டரை மணிக்கே இரண்டு மடங்காகப் பொங்கிவிட்டது. காலை ஆறு மணிக்குப் பார்த்தால் மட்டம் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. பி.எச். தாள் 4 காட்டியது. வாயில் வைக்க முடியவில்லை.

இரண்டாவது: ஐஸ் தண்ணீரில் அரைத்தது. அரைத்த உடன் 27 டிகிரி. மூன்று மணிக்குத்தான் இரண்டு மடங்கானது. காலையில் சுமாரான புளிப்பு. இட்லி நன்றாகவே வந்தது.

மூன்றாவது: ஐஸ் தண்ணீரில் அரைத்து, பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி ஈரத்துணி சுற்றியது. மண்பானை குளிர்கிற அதே தத்துவம். மாவு 30 டிகிரியைத் தாண்டவில்லை. ஐந்து மணிக்கு இரண்டு மடங்கு. நாலில் இதுதான் முதல் பரிசு.

நான்காவது: சாதாரணமாக அரைத்து, முக்கால்வாசி பொங்கியதும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிரிட்ஜில் வைத்தது. இதுவும் நன்றாக இருந்தது. மறுநாள் சாயந்திரம் வரை கெடவில்லை.

அரிசி மாறவில்லை, உளுந்து மாறவில்லை. ருசியை மாற்றியது டெம்பரேச்சரும் நேரமும்தான்.

ஐஸ் எவ்வளவு வேண்டும் என்பதற்கு நம் தெர்மல் பாடமே போதும். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோ கலோரி வெப்பம் எடுக்கும். உருகிய நீர் 28 டிகிரி வரை ஏற இன்னும் 28 கிலோ கலோரி. மொத்தம் 108. ஆக, 10 கிலோ மாவுக்கு ஒரு கிலோ ஐஸ் போட்டால் சுமார் 10 டிகிரி இறங்கும். கணக்குக்கு மாவைத் தண்ணீர் மாதிரியே எடுத்துக்கொண்டேன். ஊற்ற வேண்டிய தண்ணீரில் அந்த ஒரு கிலோவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: மீன் பெட்டியில் போடுகிற ஐஸை மாவில் போடக்கூடாது. குடிநீரைப் பாட்டிலில் ஊற்றி பிரீஸரில் வைத்த ஐஸ்தான் நல்லது.

வெளிநாட்டு டின் சொல்லும் பாடம்

இந்த விஷயத்தைப் படிக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வீட்டிலேயே பீர் செய்வது பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் 1963 முதல் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் கையெழுத்தான சட்டம் மத்திய அரசின் வரியிலிருந்து அதற்கு விலக்குக் கொடுத்தது. புதிதாகச் செய்கிறவர்கள் கடையில் ஒரு டின் வாங்குவார்கள். முளைகட்டிய பார்லியைக் காய்ச்சிப் பாகாக்கிய சாறு அதில் இருக்கும். கூடவே ஒரு பொட்டலம் ஈஸ்ட். தண்ணீரும் சர்க்கரையும் கலந்து வைத்தால் பீர்.

நமக்கு இது வேண்டாம். 1937-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி இங்கே லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆனால் அவர்கள் கற்ற பாடம் நமக்கும் உதவும். டின் பீரின் ருசி சரியில்லை என்றால் புதிதாகச் செய்பவர் வாசனைப் பொருள் எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பார். அனுபவசாலிகள் சொல்வது வேறு: பழைய டின் வாங்காதே, சாதாரண ஈஸ்ட் வகையானால் 18 முதல் 20 டிகிரிக்குள் வை, பாத்திரத்தைச் சுத்தம் செய், குளோரின் வாடை உள்ள தண்ணீரை ஊற்றாதே, மலிவாகச் சர்க்கரையைக் கொட்டாமல் பார்லிச் சாற்றையே கூடுதலாகப் போடு. "டின்" என்று இருக்கும் இடத்தில் "பாக்கெட் மாவு" என்று போட்டுப் படித்துப் பாருங்கள். அம்மா சொல்வதும் இதேதான்! சோடா உப்பைச் சேர்ப்பது சுலபம். நுண்ணுயிருக்குத் தோதான இடம் கொடுப்பதுதான் வேலை.

வீட்டில் அரைப்பவர்களுக்கு

1. அளவு: நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். புது உளுந்தாக இருந்தால் நன்றாக உபரி காணும்.

2. ஊறவைத்தல்: அரிசி நாலு மணி நேரம். உளுந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. கோடையில் ஊறும்போதே நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பித்துவிடும் என்பதால் பிரிட்ஜில் ஊறவைக்கலாம்.

3. அரைத்தல்: உளுந்தைத் தனியாக, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம். மிக்ஸி மாவை இன்னும் வேகமாகச் சூடாக்கும், விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

4. உப்பு: உப்பு நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கும். கோடையில் அரைத்தவுடன் போடுங்கள். மார்கழிக் குளிரில் பொங்கிய பிறகு போடலாம்.

5. சுத்தம்: கிரைண்டர் கல்லின் அடியில் நேற்றைய மாவு ஒட்டியிருந்தால் அதில் இரண்டாவது கூட்டம் தயாராகக் காத்திருக்கிறது. எங்கள் வீட்டில் தவறு நடந்த இன்னொரு இடம் இதுதான். அவசரத்தில் கல்லைத் தூக்கிக் கழுவாமல் விட்டிருக்கிறோம்.

6. பாத்திரம்: பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். காலையில் தரையெல்லாம் மாவு என்று அம்மாவிடம் திட்டு வாங்கியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

7. பொங்கிய மாவைக் கலக்கி அடிக்காதீர்கள். அத்தனை நேரம் பிடித்து வைத்த குமிழை நாமே உடைப்பானேன்? இட்லிக்குக் கரண்டியால் மேலாக எடுத்து ஊற்றுங்கள்.

ரூம் எடுத்துத் தங்கும் நண்பர்களுக்கு

நம்மில் பலர் நாலு பேராகச் சேர்ந்து ரூமில் சமைக்கிறோம். அங்கே கிரைண்டர் ஏது? பாக்கெட் மாவுதான். அதையும் ருசியாக்க முடியும்.

வாங்கும்போது பாக்கெட் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கடையில் வெளியே வெயிலில் வைத்த மாவு வேண்டாம். தேதியைப் பாருங்கள். பாக்கெட் பலூனாக உப்பியிருந்தால் அது பொங்கி முடிந்த மாவு. அன்றே தோசைக்கு ஆகும், இட்லிக்கு ஆகாது. புளிக்காத மாவாக இருந்தால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் பாத்திரத்தில் ஊற்றி இரண்டு, மூன்று மணி நேரம் வெளியே வையுங்கள். முழுப் பாக்கெட்டையும் வெளியே வைத்து, மறுபடி பிரிட்ஜில் வைத்து, மறுபடி எடுப்பதுதான் மாவைக் கெடுக்கிறது.

கொஞ்சம் புளித்துவிட்டதா? ஒரு கைப்பிடி ரவையை ஊறவைத்துக் கலந்து, வெங்காயம், பச்சைமிளகாய் அரிந்து போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ சுடுங்கள். புளிப்பு அங்கே குறை அல்ல, ருசி. ஆனால் கெட்ட வாடை வந்தாலோ, மேலே பூசணம் தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சோடா உப்பு போட்டால் என்ன? அது சோடியம் பை கார்பனேட். அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு தரும், புளிப்பும் அடங்கும். பார்க்க இட்லி குஷ்புவாகவே இருக்கும்! ஆனால் கூடினால் சோப்பு மாதிரி ருசி வரும், இட்லி மஞ்சளாகும், பி-1 வைட்டமின் அழியும். முக்கியமாக, கெட்ட மாவை நல்ல மாவாக அது காட்டிவிடும். அம்மா மறுத்தது இதனால்தான். வைட்டமின் கணக்கு அவருக்குத் தெரியாது. வாங்குகிறவரை ஏமாற்றக்கூடாது என்பது தெரியும்.

பிறகு என்ன ஆயிற்று?

எங்கள் வீட்டில் மூன்று மாற்றங்கள் செய்தோம். சாயந்திரம் அரைத்ததை விட்டு, விடியற்காலை நாலு மணிக்கு அரைக்கிறோம். பிரீஸரில் தண்ணீர் பாட்டில்கள் எப்போதும் தயாராக இருக்கும். பாக்கெட்டில் தேதியோடு அரைத்த நேரத்தையும் எழுதி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காலேஜ் வருகிறேன்.

ஜூன் மாதம் பாதியில் ஒரு கடைக்காரர் மறுபடி மாவு கேட்டார். இன்னொரு கடை போனது போனதுதான். அங்கே இப்போது வேறு மாவு. இருந்தாலும் இந்தக் கோடையில் திரும்பி வந்த பாக்கெட்டுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

தெர்மாமீட்டரைப் பார்த்து அம்மா முதலில் சிரித்தார். "எங்க ஆத்தா உரல்ல ஆட்டுனப்ப மண்பானைத் தண்ணிதான் ஊத்தும், ஈரச் சாக்கு மேலதான் மாவுச் சட்டிய வைக்கும்" என்றார். என் மூன்றாவது பாட்டில் பாட்டியின் பாட்டில்தான்! கிரைண்டர் வந்தபோது கை வலி போயிற்று. கூடவே ஈரச்சாக்கும் போய்விட்டது. அது எதற்காக இருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

நண்பர்களே! நாம் படிக்கிற வெப்பமும் அமிலமும் பரீட்சைப் பேப்பரோடு முடிந்துவிடுவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு தறியோ, பட்டறையோ, அடுப்போ இருக்கும். அங்கே ஏதோ ஒன்று சரியாக வராமல் யாரோ கஷ்டப்பட்டுக் கொண்டிருப்பார்கள். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு அளந்து பாருங்கள்.

கட்டுரையில் பிழை இருந்தால் பொறுத்தருள்க. மாவு புளித்தால் மட்டும் பொறுக்க வேண்டாம்!

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு